பதினாறு வயசுப் பிள்ளைகளும் என் சர்வீஸ் டேபிளும்

செல்போன் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு: டிஸ்ப்ளே மாற்றினால் டச் வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்த்தாக வேண்டும், தொட்டால் போன் திறந்துகொள்ளும், திறந்தால் ஒரு வீட்டு விஷயம் பாதி கண்ணில் பட்டுவிடும்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கடை. முன்பக்கம் ஜாபர் பாய். கவர், சார்ஜர், ரீசார்ஜ், வருகிறவர்களிடம் ஊர்க்கதை எல்லாம் அவர் பொறுப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்ரோஸ்கோப்பையும் ஹீட்டரையும் வைத்துக்கொண்டு நான். ரிப்பேர் பார்ப்பது ஒரு பெண் என்பதால் பெண்பிள்ளைகள் நிறைய வருவார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய அம்மா அப்பாவும் வருவார்கள். வீட்டில் பதினாறு வயசில் ஒரு பிள்ளையும், அதன் கையில் ஒரு போனும் வைத்திருக்கிறவர்களுக்கு இதைப் படிக்கும்போது எங்கேயாவது ஓரிடத்தில் சுருக்கென்று இருக்கும். எனக்கும் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதனால் நான் உங்கள் கட்சிதான். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பேட்டர்ன்

பூவம் கிராமத்திலிருந்து ஒருவர் மகனோடு வந்திருந்தார். வயல் வேலையை விட்டு நேராக வந்திருக்கிறார் என்பது காலில் இருந்த சேற்றைப் பார்த்தாலே தெரிந்தது. பையன் பதினொன்றாம் வகுப்பு. டிஸ்ப்ளே மாற்றி முடித்துவிட்டு, "பேட்டர்ன் என்னப்பா?" என்று கேட்டேன். பையனின் காது இரண்டும் சிவந்துவிட்டது. அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். நான் போனை அவனிடமே கொடுத்தேன். அவன் அதை வாங்கி, கவுன்டருக்குக் கீழே கொண்டுபோய், உடம்பால் மறைத்துக்கொண்டு கோடு இழுத்தான்.

இந்த இடத்தில்தான் எங்கள் கடையில் பல அப்பாக்கள் ஆரம்பிப்பார்கள். 'எனக்குத் தெரியாம அப்படி என்னடா அதுக்குள்ள' என்று கேட்டு, கடைக்கு வெளியே வரை கொண்டுபோய், கன்னத்தில் ஒரு அறையோடு முடித்தவர்களும் உண்டு. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தில் போகிற வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். பையன் கவர் பார்க்கப் போனதும் என் பக்கம் குனிந்து சொன்னார்: "எங்கப்பா இருந்தவரைக்கும் என் சட்டைப் பையில கைய விட்டதில்லைங்க. உள்ள பீடி இருக்கும்னு அவருக்கும் தெரியும். இவனுக்குப் பை இதுதானே, இருந்துட்டுப் போவட்டும்."

மச்சம்

ரம்யா பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. பெரியம்மா வீட்டில் கோவில்பத்தில் இருக்கிறாள். அம்மா அனுப்பிவைத்த போன்தான் அவளிடம் இருப்பது. அது அடிக்கடி நின்றுபோகிறது என்று கொண்டுவந்தாள். போட்டோக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாஃப்ட்வேரை அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றி, போட்டோக்களைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தாள். "அக்கா, என் கேமராவ மாத்திட்டீங்களா? இதுல நான் வேற மாதிரி இருக்கேன்" என்றாள். சந்தேகப்படுகிற குரல் இல்லை. காய்ச்சல்காரி டாக்டரிடம் சொல்வதுபோல் கவலையாகச் சொன்னாள்.

வாங்கிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கேமராவைச் சோதிக்கும்போது முகத்தை அழகாக்குகிற மோடை நான் அணைத்துவிடுவேன். இல்லாவிட்டால் லென்ஸில் தூசி இருந்தாலும் தெரியாது. திரும்பப் போட்டுவிட மறந்திருக்கிறேன். போன் வாங்கிய நாளிலிருந்து அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் ஒரு முகம், போனில் ஒரு முகம் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். "கண்ணாடில நான் சுமார்தான்க்கா. போன்லதான் நல்லா இருப்பேன்" என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த மோடு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். கன்னம் வெளுத்தது, கறுத்தது. தாடை மெலிந்தது, பழையபடி ஆனது. நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, உதட்டுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அங்கே அவளுக்கு ஒரு மச்சம் இருக்கிறது, மிளகு அளவுக்கு. மோடைப் போட்டால் அது காணாமல் போகிறது. இத்தனை வருஷமாக அம்மாவுக்கு அனுப்பிய போட்டோக்களை எல்லாம் நின்ற இடத்திலேயே தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றில்கூட அது இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது எங்கம்மா மச்சம்க்கா. அவங்களுக்கும் இதே எடத்துல இருக்கும். இத யாரு அழிக்கச் சொன்னா?"

அப்பாவின் ரெக்வஸ்ட்

அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர், கடையில் கூட்டம் குறையும் வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். மகள் போனில் அவளுக்குத் தெரியாமல் ஒரு ஆப் போட்டுத் தர வேண்டும், அவள் என்ன பேசுகிறாள், என்ன பார்க்கிறாள் என்பதெல்லாம் இவர் போனில் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டு வருவதால் எனக்குப் பதறவில்லை. "என்ன சார் நடந்துச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் நடக்கலம்மா. போனப் பாத்து சிரிக்கிறா. எங்களப் பாத்து அப்படி சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார். அவருக்குக் கோபம் இல்லை, ஏக்கம்தான் என்று அப்போது புரிந்தது.

அந்த மாதிரி ஆப் நாங்கள் போடுவதில்லை என்று சொன்னேன். அதோடு, "போட்டா அவ பேசுறது எல்லாம் உங்களுக்குத் தெரியும் சார். ஆனா அதப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்த கேக்க முடியாது. கேட்டா மாட்டிக்குவீங்க. தெரிஞ்சும் கேக்க முடியாம இருக்கறது இதவிடக் கஷ்டம்" என்றேன். ஜாபர் பாய் முன்பக்கத்திலிருந்தே, "சார், பொண்ணு இருக்கற எடத்துலயே நீங்களும் ஒரு அக்கவுன்ட் தொடங்குங்க. வாசல் வழியாவே போயிடலாம்" என்றார். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பத்து பதினைந்து நாள் கழித்துத் தன் போனோடு வந்தார். அக்கவுன்ட் தொடங்கிவிட்டாராம், புரொஃபைல் போட்டோ மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டது, நிமிர்த்தித் தர வேண்டும். மகளுக்கு ரெக்வஸ்ட் அனுப்பிவிட்டு மூன்று வேளை சாப்பாடு இறங்கவில்லை என்று அவரே சொன்னார். "ஏத்துக்கிட்டாளா சார்?" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தபடி, மகள் சொன்னதை அப்படியே சொன்னார்: "நல்லாப் பாத்துக்கங்கப்பா, ஒண்ணும் இல்ல. ஆனா என் ஃப்ரெண்ட்ஸ் இருக்கற எடத்துல வந்து 'பாப்பா சாப்பிட்டியா'ன்னு மட்டும் எழுதாதீங்க."

பழுதாக்கித் தர முடியுமா?

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஒரு பெண் வந்தாள். அபிநயா, பதினொன்றாம் வகுப்பு. ஜாபர் பாயிடம் எதுவும் பேசாமல் நேராக என் தடுப்புக்கு வந்து போனை வைத்தாள். "என்ன பிரச்சின?" என்றேன். "நல்லாத்தான் இருக்குக்கா. இத சரிபண்ணவே முடியாதபடி பண்ணித் தரணும். எங்கம்மா வந்து கேட்டா போர்டு போயிருச்சுன்னு சொல்லணும்" என்றாள். இந்தத் தொழிலில் இதுவரை என்னிடம் யாரும் கேட்காத வேலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

விஷயம் இதுதான். யாரோ அவள் பெயரில் இன்னொரு அக்கவுன்ட் தொடங்கியிருக்கிறார்கள். பெயரில் நடுவே ஒரு கோடு மட்டும் அதிகம். போட்டோவெல்லாம் அவளுடையது: ஆண்டு விழாவில் புடவை கட்டியது, பீச்சில் லைட்ஹவுஸ் பக்கம் நின்றது, சித்தி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. எல்லாம் அவளே அவள் அக்கவுன்ட்டில் போட்டிருந்தவை. கீழே எழுதியிருந்ததுதான் அவள் எழுதியதில்லை. வகுப்புப் பையன்கள் சிலருக்கு அதிலிருந்து மெசேஜ் போயிருக்கிறது. அதை அவர்கள் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. "யாராவது உங்கிட்ட வந்து, இது நீதானான்னு கேட்டாங்களா?" என்றேன். "ஒருத்தரும் கேக்கலக்கா. எல்லாரும் நம்பிட்டாங்க" என்றாள். பிறகு, "அதுல இருக்கற அபிநயா நல்லா வாயாடுறா. நான் கிளாஸ்ல பேசவே மாட்டேன். ரொம்ப நாள் பாத்துக்கிட்டே இருந்ததுல, அவதான் நெசமோன்னு எனக்கே தோணிடுச்சு" என்றாள்.

அந்த அக்கவுன்ட் அவளுடைய போனுக்குள் இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் புரிய வேண்டியிருந்தது. போனை உடைத்தால் அவளால் மட்டும்தான் அதைப் பார்க்க முடியாமல் போகும், மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்றேன். இத்தனை கெட்டிக்காரப் பிள்ளை, அதை யோசிக்கவே இல்லை. பயம் வந்தால் யாருக்கும் அப்படித்தான். எதையும் அழிக்காதே, முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு, அந்த அக்கவுன்ட்டின் பெயர் முழுசாகத் தெரிகிற மாதிரி எடு என்று பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்க வைத்தேன். அந்த ஆப்பிலேயே எப்படிப் புகார் கொடுப்பது என்று காட்டினேன். எல்லாம் செய்தாள். "அம்மாகிட்ட சொல்லணும்மா" என்றதும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அம்மா வீட்டிலேயே தையல். "படிப்ப நிறுத்திடுவாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்த மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அந்த உறுதியை நான் கொடுக்கவில்லை. "இங்கேயே வரச் சொல்லு, நான் கூட இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா கழுத்தில் இன்ச் டேப்போடு ஓடி வந்தார். மகளுக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து வந்திருக்கிறார். அபிநயாவுக்குப் பதிலாக நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி, "அவ சொல்லட்டுங்க" என்றார். அவள் சொன்னாள், திக்கித் திணறி, பாதியை முழுங்கி. சொல்லி முடித்ததும் அம்மா போனை வாங்கி அந்த அக்கவுன்ட்டைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆண்டு விழாப் போட்டோ வந்ததும் நிறுத்தினார். "இது நான் தச்ச ஜாக்கெட்" என்றார் என்னிடம். "கை அளவு சரியா வரலன்னு ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சேன். எவன் இத எடுத்து வச்சுக்கிட்டு இருக்கான்?" அதுவரை நான் பார்க்காத ஒரு கோபம் அந்த முகத்தில் வந்தது. ஆனால் மகள் பக்கம் திரும்பியபோது அது இல்லை. "எப்பலேருந்துடி?" என்றார். "பரீட்சைக்கு முன்னாடிலேருந்து" என்றாள். "அப்பலேருந்து இத ஒத்தையாவா வச்சுக்கிட்டு இருந்தே" என்று அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஜாபர் பாய் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியில் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் அந்த அம்மாவே பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு டீச்சரைப் பார்த்திருக்கிறார். டீச்சர் விஷயத்தை வகுப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அழுத பிள்ளைகளும் உண்டு, தலை குனிந்து உட்கார்ந்த பையன்களும் உண்டு. பாதி வகுப்பு அன்று சாயங்காலமே அந்த அக்கவுன்ட் மேல் புகார் போட்டிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார்கள், அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். சில நாளில் அக்கவுன்ட் காணாமல் போனது. செய்தது யார் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் இருவரும் போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தார்கள். அபிநயா என்னிடம், தன்னுடைய அக்கவுன்ட்டையும் அழித்துத் தரச் சொன்னாள். இனி போட்டோவே வேண்டாம், பெயரே வேண்டாம் என்றாள். அது அவள் இஷ்டம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மா சொன்னார்: "ஒம் பேர எவளோ திருடிட்டாங்கறதுக்காக நீ பேரில்லாம திரிவியா? யார் வேணா பாக்கற மாதிரி வைக்காத, அவ்வளவுதான். அந்த ஜாக்கெட் போட்டோ அதுலயே இருக்கட்டும், நான் தச்சது."

நின்னு நின்னு

கிளிஞ்சல்மேட்டுப் பையன் வசந்த். அப்பாவோடு படகில் போனபோது போன் உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது. போன் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் வீடியோவை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரமானது. வார்த்தையின் முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொள்கிறது. போர்டைக் கழுவி, காயவைத்து, எப்படியோ ஒரு தடவை உயிர் வரவைத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், மீன் பற்றி வீடியோ போடுகிற பிரபலமான தம்பி இவன்தான் என்று தெரிந்தது. எது நேற்றைய மீன், எது இன்றைய மீன், எந்த மீனுக்கு எப்படிப் புளி கரைப்பது என்று தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவானே, அவன்.

ஆனால் அந்த போனுக்குள் இருந்தது வேறு. "வணக்கம்" என்ற ஒரே சொல் எத்தனையோ வீடியோவாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் திக்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். "ந... நல்லா வந்தத மட்டும் ஒட்டுவேன்க்கா" என்றான். "அ... அங்க நான் திக்க மாட்டேன்." பள்ளிக்கூட விழாவில் மேடையில் பேசக் கூப்பிட்டார்களாம். வீடியோவில் பேசுகிறவன்தானே வரப்போகிறான் என்று எல்லாரும் காத்திருப்பார்கள் என்ற பயத்தில், காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துவிட்டான்.

அவன் பேசி முடிக்கும்போது ரீசார்ஜ் செய்ய வந்திருந்த கோவில்பத்து அக்கா ஒருவர் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, "மீன் தம்பிதானே நீ?" என்றார். சங்கரா மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா என்று கேட்டார். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் அவனுக்குப் பதிலாகச் சொல்ல வாயைத் திறந்தேன், ஜாபர் பாய் வேண்டாம் என்று கண் காட்டினார். அவன் சொல்ல ஆரம்பித்தான். செவுளில் சிக்கினான், கண்ணில் சிக்கினான், சதையை அழுத்திப் பார்க்கச் சொல்ல விரலால் தன் கையையே அழுத்திக் காட்டினான். முழுசாகச் சொன்னான். அந்த அக்கா நடுவில் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அவன், "சா... சாரிக்கா, வீடியோல மாதிரி வரல" என்றான். அவர் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு நெட்டுல நீ எப்பவுமே நின்னு நின்னுதான் பேசுவே தம்பி. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

என் வீட்டுப் பிள்ளை

ஊரார் பிள்ளைகளின் போனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஜெனி பத்தாம் வகுப்பு முடித்தவள். வீட்டுக்கு யாராவது வந்தால் ரூமுக்குள் போய்விடுவாள். மாதா கோயிலில் பாடற்குழுவில் சேர்த்துவிட்டேன், உதடு மட்டும் அசைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். அவள் போனில் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உங்களில் பலரைப்போல, தெரிந்துகொள்ளவும் பயம், தெரியாமல் இருக்கவும் பயம்.

ஒரு நாள் கடைக்கு வந்த காலேஜ் பெண்ணிடம், "போன் கீழ விழுந்துச்சா?" என்று கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, நீங்க பேசறது அப்படியே ஒரு ரீல்ஸ்ல வர்ற மாதிரி இருக்கு" என்று அவள் தோழியின் போனில் காட்டினாள். முகம் தெரியவில்லை. ஒரு கையில் ட்வீசர் இடுக்கி, இன்னொரு கையில் உடைந்த போன், குரல் மட்டும். "விழலையா? அப்பறம் எப்படிம்மா உடைஞ்சுது, தானா மனசு உடைஞ்சு போச்சா?" என்று அந்தக் குரல் கேட்டது. நான் கேட்கிற கேள்வி, நான் இழுக்கிற இழுப்பு. அடுத்ததில் ஒரு பையன் அழுகிறான் போலிருக்கிறது, "அழாத தம்பி, போட்டோல்லாம் இருக்கு, எடுத்துடலாம், மொதல்ல தண்ணி குடி" என்றது. நகத்தில் பாதி உரிந்த ஊதாப் பாலிஷைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. அந்த வாரம் அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. நாலு பேர் சிரிக்க அம்மாவா கிடைத்தாள் என்று தோன்றியது. மறுபடி ஒரு தடவை பார்த்தேன். கேலி மாதிரி இல்லை. அந்தக் குரலில் நான் எனக்கே ரொம்ப நல்லவளாகத் தெரிந்தேன். கடையில் உட்கார்ந்து நான் பேசுவதை இவள் எப்போது இவ்வளவு கவனித்தாள் என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்த் தோசை ஊற்றும்போது, "தானா மனசு உடைஞ்சு போச்சா?" என்று அவளைப் பார்க்காமலே கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "கோவமாம்மா? எடுத்துடவா?" என்றாள். "எடுக்க வேணாம். ஆனா ஏண்டி என் குரல்ல பேசற, ஒனக்கு ஒரு குரல் இல்லையா?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானா பேசினா பயமா இருக்கும்மா. உன்ன மாதிரி பேசினா மட்டும் யாரப் பாத்தும் பயம் வர மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் நான் கழற்றிப் பார்த்த போன்களில் கோளாறு எல்லாம் பேட்டரியிலும் போர்டிலும்தான் இருந்தது, பிள்ளைகளிடம் கோளாறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவர்கள் நம்மிடம் கண்டுபிடித்து வைத்திருக்கும் கோளாறுக்குத்தான் இன்னும் ஸ்பேர் கிடைத்தபாடில்லை.